கார்பன் தாளில் ஒரு வரி

புனேயை அடுத்த தேஹு ரோடு குவார்ட்டர்ஸில் வேதவல்லி காதல் நாவல் எழுதுகிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். என்ன எழுதுகிறாள் என்பது ஒருவருக்கும் தெரியாது. புனேயிலேயே பிறந்த கணவன் சேஷாத்ரிக்குத் தமிழ் பேச வருமே தவிர, படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான், தொண்ணூற்று நாலில் லோனாவலா லோக்கல் ரயிலில் ஒரு மாதம் எதிர் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவனை, பேச்சுக்கூடக் கொடுத்திராதவனை, பதினோரு நாவல்களுக்குக் கதாநாயகனாக்கியிருந்தாள். ஒவ்வொன்றும் அவன் ரயிலிலிருந்து இறங்கி நாயகியிடம் வருவதோடு முடியும்.

பன்னிரண்டாவதை முடித்து, சென்னைப் பதிப்பகத்துக்கு அனுப்ப அசலைத் தனியே பிரித்தாள். கார்பன் நகலின் அடியில், அசலில் இல்லாத ஒரு வரி அவள் கையெழுத்திலேயே இருந்தது: 'அவன் இறங்கவில்லை.'

கார்பன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதிலும் அந்த வரி பதிந்திருந்தது. புதுத் தாள் வைத்துக் கடைசிப் பக்கத்தை மூன்று முறை எழுதினாள். மூன்று முறையும் அதே வரி. உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. தொலையட்டும் என்று கதையையே மாற்றி, அசலிலும் 'அவன் இறங்கவில்லை' என்று எழுதி முடித்தாள்.

நகலைப் பார்த்தாள். 'இறங்கிவிட்டேன்' என்றிருந்தது.

கீழே ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்த சேஷாத்ரி எட்டிப் பார்த்துப் பேசிவிட்டு உள்ளே வந்தான்.

"வேதா, ஒருத்தர் உன் பேரைச் சொல்லி வீட்டைத் தேடறார். இப்பத்தான் லோக்கல்லேர்ந்து இறங்கினாராம். தமிழ்க்காரர்தான், மேலே வரச் சொல்லிட்டேன். சாய் வைக்கறியா?"