களியை மெல்லக் கூடாது

வேலூர் விடுதியின் டிவியில், பிரபலங்கள் மோதும் ரியாலிட்டி ஷோ. ஜவ்வாது மலை வீடு ஒன்றில், நடிகை களியை மென்று மென்று திணறினாள். மாணவிகள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

“களிய மெல்லக் கூடாது, முழுங்கணும்” என்றாள் நிவேதா.

“டவுன்காரி உனக்கு எப்படிடீ தெரியும்?”

“ரீல்ஸ்ல பாத்தேன்.”

திரையில் களி கிண்டிக் கொடுத்த பெண்ணும் அதையே சொன்னாள். அவள் பேசிய மலைப் பேச்சைக் கேட்டு எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். நிவேதாவும்தான்.

“உங்களுக்குப் பசங்க இருக்காங்களா?” என்றாள் நடிகை.

அந்தப் பெண் தயங்கினாள். “இல்லீங்க.”

நிகழ்ச்சி முடிந்ததும் நிவேதாவின் போன் அடித்தது. வராந்தாவுக்கு ஓடிப்போய் எடுத்தாள்.

“இன்னா கண்ணு, பாத்தியா? கூடப் படிக்கிற புள்ளைங்க எதிர்ல உனக்கு வெக்கமா இருக்குமேன்னு, பசங்களே இல்லன்னுட்டேன். அம்மா சரியாத்தான சொன்னேன்?”