வாங்காத தேத்தண்ணிக் காசு

“இந்தாங்கோ யேசுரட்ணம், இந்தக் காசுக்குத் தேத்தண்ணி குடியுங்கோ.”

“வேண்டாம் ரீச்சர். தேவை வரேக்க நானே வாய்திறந்து கேக்கிறன்.”

“ஓம், நான் செத்த பிறகு வந்து கேப்பீங்கள்!”

இரண்டு வருசத்துக்கு முந்தின அந்தப் பேச்சை நினைத்தபடி, சாப்பாட்டுக் கேரியரோடு கொழும்பு கொட்டாஞ்சேனையில் ரீச்சர் வீட்டு வாசலில் நிற்கிறார் யேசுரட்ணம். கடைச் சாப்பாட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. தங்கியிருக்கும் லொட்ஜை நாளையோடு மூடுகிறார்கள். சண்டை நடக்கிற இந்தக் காலத்தில், பொலிஸ் பதிவில் விலாசம் இல்லாமல் வடக்கிலிருந்து வந்த மன்னார்க்காரனை அடுத்த சுற்றிவளைப்பில் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். மழை விட்ட மதிய வெயில் ஈரப் படியில் பளபளக்கிறது. உள்ளே, வீட்டில் இருப்பவர்களின் பெயரெழுதிப் பொலிஸ் முத்திரை குத்திய வீட்டுப் பதிவு ஆணியில் தொங்குகிறது. அதில் பிறிஜெற் ரீச்சரின் பெயர் மட்டும். கீழே நாலு வெற்றுக் கோடுகள். ரீச்சர் வழக்கம்போல இருபது ரூபாய்த் தாளை நீட்டுகிறார். “இண்டைக்காவது வாங்குங்கோவன். சந்தோசத்துக்குத்தானே தாறன்.” பருப்புக் கறியின் ஆவி கேரியர் விளிம்பில் முத்து முத்தாய்த் துளிர்க்கிறது. சைக்கிள் பிடித்துக் காய்த்த கை, தாளை மெல்ல ரீச்சரின் பக்கமே தள்ளுகிறது.

“காசு வேண்டாம் ரீச்சர். உங்கட வீட்டுப் பதிவில என்ர பேரையும் எழுதுவீங்களோ?”