நாலாவது பிழை

மேர்சி மிஸி பொம்மையின் முகத்தைத் துவாயால் துடைத்தார். பிறகு தலையை. பிறகு முதுகை.

பிளாஸ்ரிக் பொம்மை. ஒரு துளி ஈரமில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. பரீட்சகர் சிரிக்கக்கூடாது என்பதால் இருமினேன்.

பிறந்து மூச்செடுக்காத பிள்ளையை மீட்கும் முறையை மற்றவர்களுக்குக் கற்பிக்கப் போகிறவர்களுக்கு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி மண்டபத்தில் அன்று தேர்வு. மற்ற ஆறு பேரும் முன்பே என்னிடம் படித்தவர்கள். மடிக்கணினியும் வண்ணப் படங்களுமாக வந்திருந்தார்கள். மேர்சி மிஸி குருநகரிலிருந்து வெறுங்கையோடு வந்திருந்தார். பிரசவ அறைத் தாதியாக இருபத்தாறு வருடமாம்.

படம் இல்லையென்று போன தடவை அவருக்கு நான்தான் பெயில் போட்டேன். இன்றும் தவறினால் இனி விண்ணப்பிக்கவே முடியாது.

நான் பயிற்சியாளர்களுக்கே பயிற்சியாளர். ஒன்பது வருடம். பிரசவ அறைக்குள் கடைசியாகப் போனது ரிபன் வெட்ட.

தேர்வில் மக்கு மாணவனாக நடிப்பது என் வேலை. அது எனக்கு இயல்பாகவே வரும். பட்டியலில் உள்ள மூன்று பிழைகளை வேண்டுமென்றே செய்வேன். தேர்வுக்கு வந்தவர் மூன்றையும் பிடிக்கவேண்டும். இல்லாத பிழையைப் பிடித்தால் பெயில். இந்த விதியை எழுதிய அறிவாளியும் நானே.

மூச்சுக் கொடுக்கும் மாஸ்க்கைப் பொம்மையின் கண்ணுக்கு மேல் வைத்தேன்.

"கீழை இறக்குங்கோ சேர்."

தலையை அளவுக்குமேல் அண்ணாத்தினேன்.

"நேராய் வையுங்கோ."

மாஸ்க்கோடு பூட்டிய காற்றுப் பையை, சைக்கிளுக்குக் காற்றடிப்பதுபோல் அமுக்கினேன்.

"ஆறுதலாய், ஆறுதலாய். பஸ்ஸே பிடிக்கப் போறியள்?"

மூன்றும் முடிந்தது. இந்த மனுசிக்கு இது பெரிய காரியம்தான். இனி ஒழுங்கான முறை எப்படி இருக்கும் என்று பார்க்கட்டுமே என்று செய்துகாட்டினேன். பொம்மையின் நெஞ்சு அழகாக எழுந்து தாழ்ந்தது.

"பிழை, சேர்."

"நெஞ்சு எழும்புதுதானே?"

"பொம்மைக்கு எழும்பும். உங்கடை விரல் நாடி எலும்பிலை இல்லை, கீழை சதையை அமத்துது. பிள்ளையெண்டால் நாக்குப் பின்னாலை போய் அடைச்சிடும்."

என் விரலைப் பிடித்துத் தாடை எலும்பின்மேல் வைத்தார். அவர் கை சூடாக இருந்தது.

பக்கத்தில் புள்ளி போட்டுக்கொண்டிருந்த டொக்டர் கோபிசங்கர் என் காதருகே குனிந்தார்.

"நாலு பிழை சொல்லிப்போட்டா, சேர். பட்டியலிலை மூண்டுதான். பெயிலே?"

மேர்சி மிஸிக்கு அது கேட்டுவிட்டது. துவாயை மடித்தார். மூலைகள் சேரவில்லை. விரித்து மறுபடியும் மடித்தார்.

"நாலாவதும் நான் நடிச்சதுதான் தம்பி," என்றேன். "எழுத மறந்துபோனன். பாஸ் போடும்."

எவ்வளவு பெருந்தன்மை எனக்கு. அந்த நிறைவோடு மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன்.

ஆறு மேசைகள். ஆறு பொம்மைகள். தங்கள் முறை வருமுன், என்னிடம் படித்த ஆறு பேரும் பழகிக்கொண்டிருந்தார்கள். எல்லாருடைய விரலும் நாடிக்குக் கீழே, அதே சதையில்.

அவர்கள் யாரும் நடிக்கவில்லை.