முந்தானையில் விழுந்தது

புதுச்சேரி முத்தியால்பேட்டைப் பல் டாக்டரின் வாசலில் காலை வெயில் ட்ரம்பெட்டின் மேல் பட்டுச் சிதறுகிறது. செலவு குறைவென்று பல்செட் கட்டிக்கொள்ளப் பாரீஸிலிருந்து வந்த பிரெஞ்சுப் பட்டாளத்து பேண்டுக்காரர் கலியமூர்த்திக்கு நாளை விமானம். போன வாரம் ஊதியபோது மேல்செட் கழன்று தெருவில் விழுந்தது. "அங்க போயி கழண்டா எந்த டாக்டரு தொடுவான்? இங்கயே ஊதிப் பாத்துடுங்க" என்கிறார் அதை இறுக்கிக் கொடுத்த டாக்டர். விழுந்தால் பிடிக்க, மனைவி செல்வாம்பாள் அவர் மோவாய்க்குக் கீழே முந்தானையை ஏந்தி நிற்கிறாள். கன்னம் உப்புகிறது, ஒரே சுரம் தெருக்கோடி வரை நீண்டு போகிறது. பல் விழவில்லை. அவ்வழியே வந்த கீரைக்காரி நின்று கேட்டுவிட்டு, "பாவம், நல்லாத்தான் ஊதறாரு" என்று ஒரு கட்டு முளைக்கீரையை முந்தானையில் போட்டுவிட்டு நடக்கிறாள். கலியமூர்த்தி வெடித்துச் சிரிக்கிறார். அதற்கும் பல் அசையவில்லை.