உப்பு ஒரு கல் கூடுதல்

"போன் நம்பர் சொல்லுங்க சார்," என்றாள் கவுண்டரில் தொப்பி போட்டிருந்த பெண்.

பொரித்த கோழித்துண்டு வாங்க போன் நம்பர் எதற்கு என்று கேட்கக்கூடியவர்தான் அவர். கேட்கவில்லை. அதற்கான கோபம் உள்ளே எங்கேயோ இருந்தது, எடுத்துவரத்தான் தெம்பில்லை.

பிஸ்கட் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் சுவை பார்த்தவர். ஒரு பிஸ்கட்டைக் கடித்தால், அது எந்த ஷிப்டில் வெந்தது என்று சொல்லிவிடுவாராம். சரிபார்க்க யாருக்கும் வழியில்லாததால் அந்தப் புகழ் கடைசிவரை நிலைத்தது. 'நாக்கு சார்' என்று கம்பெனியே கூப்பிட்டது. ஓய்வுபெற்ற அன்று மாலையை அங்கேயே விட்டுவிட்டு, அந்தப் பட்டத்தை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

தெருவுக்குத் தெரு கிளை வைத்திருக்கும் இந்தக் கோழிக்கடைக்குள் அவர் கால் வைத்ததில்லை. "மெஷின் பொரிச்சத தின்னா நாக்கு செத்துப்போயிடும்" என்பது வீட்டுச் சட்டம். பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக்கூடத் தளர்த்தியதில்லை.

இப்போது நாக்கு தானாகவே செத்துப்போயிருந்தது.

மனைவி போய்ச்சேர்ந்து இருபத்தாறு நாள். காபி, சாப்பாடு, இருமல் மருந்து, எல்லாம் ஈரக் காகிதம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

இந்தக் கடை உப்பும் காரமும் தெரியவில்லை என்றால் இனி எதுவுமே தெரியாது. பார்த்துவிடலாம் என்று வந்திருந்தார். கெட்டுப்போகத்தான் மிச்சம் ஒன்றுமில்லையே.

மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரைச் சொன்னார். மனைவியுடையது. தன் நம்பரை அவர் எதற்குக் கூப்பிடப்போகிறார்?

பெண் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அட, நம்ம டப்பா ஆன்ட்டி வீட்டு சாரா! ஒரு மாசமா ஆளையே காணோம். நல்லாருக்காங்களா?"

அவர் வாயைத் திறந்தார். பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள். மூடிக்கொண்டார்.

"வழக்கம்போல நாலு பீஸ், பன் வேண்டாம், பெட்டி வேண்டாம்," திரையில் இருந்ததை அவளே படித்தாள். "ஞாயித்துக்கிழமைன்னா மழையோ வெயிலோ, வந்துடுவாங்க. எவர்சில்வர் டப்பா கொண்டாந்திருக்கீங்களா சார்?"

கொண்டுவரவில்லை. தட்டில் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை.

வீட்டில் கோழி வறுவல் நாள். வாசனை முந்திக்கொண்டால் நாக்கின் தீர்ப்பு கலைந்துவிடும் என்று சமையலறைப் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மனைவி கூப்பிட்டதும் போய் உட்காருவார். கண்ணை மூடிக்கொண்டு கடிப்பார்.

"உப்பு ஒரு கல் கூடுதல்" என்பார்.

"அடுத்த வாரம் குறைச்சிடறேங்க" என்பாள்.

அடுத்த வாரம், "பாத்தியா? இப்ப சரியா இருக்கு" என்பார்.

இப்படி ஒன்பது வருஷம் சொல்லிச் சொல்லி அவள் கைப்பக்குவத்தைத் தான் திருத்திய கதையை, வந்தவர் போனவரிடமெல்லாம் விவரிப்பார். அவள் பவ்யமாக எல்லோருக்கும் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள்.

தட்டில் இருந்த துண்டை எடுத்தார். கண்ணை மூடவில்லை. கடித்தார்.

உப்புதான் முதலில் வந்தது. பின்னாலேயே மிளகு. இருபத்தாறு நாளாக எங்கே போயிருந்தோம் என்றுகூடச் சொல்லாமல், வீட்டு ஆட்கள் மாதிரி வந்து உட்கார்ந்தன.

பக்கத்து மேசையைத் துடைக்க வந்த அதே பெண் கேட்டாள். "எப்படி சார் இருக்கு?"

பழக்கம் முந்திக்கொண்டது. "உப்பு ஒரு கல் கூடுதல்."

"ஐயோ, அதெல்லாம் மெஷின் அளவு சார்," என்று சிரித்தாள். "கடை தொறந்த நாள்லேர்ந்து ஒரே உப்புதான். கூடவும் கூடாது, குறையவும் குறையாது."

நாக்கு சார் கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் துணியை மடித்துக்கொண்டு நின்றாள்.

இன்னொரு கடி கடித்தார். அவசரப்படாமல் மென்று விழுங்கினார்.

"இப்ப சரியா இருக்கு," என்றார்.