வேலுத்தாய் கண்ணை மூடினாள்

பத்தொன்பது வருஷம் தறிகளின் இரைச்சலில் நின்றவள் வேலுத்தாய். பக்கத்துத் தறிக்காரி தொண்டை கிழியக் கத்தினாலும் அங்கே கேட்காது; உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்க வேண்டும். அந்தப் பழக்கமே விசாரணையில் அவள் காலை வாரிவிட்டது.

“எத்தனை பிள்ளைங்கம்மா உனக்கு?” என்றார் மில் மேனேஜர்.

“ரெண்டு சார்.”

மேனேஜர் பக்கத்திலிருந்த விசாரணை அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். “பாத்தீங்களா சார்? எங்க மில்லால காது போச்சுன்னு மனு குடுத்தவளுக்கு எப்படிக் கேக்குது!”

அதையும் உதட்டில்தான் படித்தாள். பற்றிக்கொண்டு வந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“இப்பக் கேளுங்க சார், என்ன வேணாலும் கேளுங்க.”

யாராவது தோளைத் தொடுவார்கள் என்று காத்திருந்தாள். ஒருவரும் தொடவில்லை. கண்ணைத் திறந்தபோது எதிரே நாற்காலிகள் காலி. மேசைமேல் அவள் மனுவில் பச்சை மையால் எழுதியிருந்தது: ‘பலமுறை கேட்டும் மனுதாரர் பதில் சொல்ல மறுத்துவிட்டார்.’