தாய்மாமன் மடி

கதிருக்கு இரண்டு முட்டியும் விண்விண்ணென்று வலிக்கின்றன. வாரம் முழுக்க டேட்டா சென்டரில் சர்வர்களைத் தூக்கி மாட்டிய வலி. அமெரிக்காவில், ரவுண்ட் ராக் வீட்டுக் கார்ப்பெட்டில் சம்மணம் போட்டுப் பார்க்கிறான். வலது முட்டி தரையில் படிய மறுக்கிறது. காலை வெயில் பிளைண்ட்ஸ் வழியே கோடு கோடாக அவன் மடியில் விழுகிறது. எதிரே சாய்த்து வைத்த போனில், புக்கரெஸ்டிலிருந்து தங்கை சுகந்தி. “ருமேனியாவும் ஷெங்கன்ல சேந்துருச்சுங்கண்ணா. ஆபீஸ் வேலையா ஜெர்மனி போக நீங்க வாங்குன விசாவே இங்கயும் போதும். நடுவுல எவனும் பாஸ்போர்ட் கேக்க மாட்டான். இனி என்ன சாக்குச் சொல்லுவீங்க?” “லீவு அப்ளை பண்ணணும் சுகந்தி.” “மொதல்ல உங்கண்ணன் கீழ உக்காந்து பழகட்டும்,” என்று அடுப்படியிலிருந்து மனைவி பிரீத்தி சிரிக்கிறாள். சுகந்தியின் இடுப்பில் இருக்கும் மூன்று வயது மகிழினி, அம்மாவின் கம்மலைப் பிடித்து இழுக்கிறாள். அவள் காதுகள் வெறுமையாக இருக்கின்றன. மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவேன் என்று சுகந்தி தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறாள். கதிர் முட்டியைக் கையால் அழுத்திக் கீழே இறக்குகிறான். ஜெர்மனி வரைக்கும் டிக்கெட் இருக்கிறது. மகிழினிக்கு அவன் தர வேண்டிய மடி இன்னும் பாக்கி.